தெரியும் தீங்கும் தெரியாத நன்மையும்

சென்னையிலிருந்து திருவள்ளூர் மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் திருநின்றவூரைத் தாண்டியதும் வருவது வேப்பம்பட்டு. இதற்குக் கிழக்கே ஒரு நிலையம் தள்ளி, மனத்துக்குள்ளேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பிய பூசலார் நாயனாரின் பெருமையைச் சொல்லும் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. இருதய நோயாளிகள் அங்கே வந்து வேண்டிக்கொண்டு போகிறார்கள். மேற்கே சில நிலையங்கள் தள்ளி, பிணி தீர்ப்பவர் என்று பெயர் பெற்ற வைத்திய வீரராகவப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருவள்ளூர். அமாவாசை தோறும் அங்குள்ள ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைத்துப் பிரார்த்திக்க ஜனங்கள் திரளாகப் போகிறார்கள். அதே தண்டவாளத்தின் எதிர்த் திசையில் பெரம்பூர். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ஆம் ஆண்டு டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இருதய பைபாஸ் அறுவையைச் செய்தார். அதற்கும் அப்பால், சென்ட்ரலுக்கு எதிரே, அரசு பொது மருத்துவமனை. ஆக, இந்தப் பகுதியில் இருதய வியாதி கொண்ட ஒருவர் பக்திக்கும் சிகிச்சைக்கும் ஒரே ரயில் பாதையில் போய்வரலாம். பெரும்பாலோர் அப்படித்தான் போய்வருகிறார்கள்.

இவர்கள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாததற்கு இந்த பக்தியும் மூடநம்பிக்கையுமே காரணம் என்று படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ரத்தம் உறையாதிருப்பதற்காகக் கொடுக்கப்படும் மருந்தின் விஷயத்திலாவது இந்த அபிப்பிராயம் சரியல்ல என்பது என் கட்சி. கோயிலுக்குப் போகிறவர் மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டேதான் போகிறார். அவர் மாத்திரையை நிறுத்துகிற இடம் வேறு, காரணம் வேறு. அந்தக் காரணத்தை நாம் ஒருபோதும் அவரிடம் கேட்டதில்லை.

இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்கள் பல திறத்தினர். இருதயம் தாறுமாறாகத் துடிக்கும் முதியவர்கள், காலில் ரத்தம் உறைந்து அவதியுற்றவர்கள், பக்கவாதம் ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனவர்கள் என்று வரிசை நீளும். ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் சாப்பிடும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும்கூட ஜனங்கள் இந்த இனத்திலேயே சேர்க்கிறார்கள். அவை வேறு வழியில் வேலை செய்யும் மருந்துகள். நம் நாட்டில் இந்த மருந்தின் கதையைச் சொல்லத் தகுந்தவர்கள் என்று நான் கருதுவது, நடுவயதை எட்டாத பெண்களையே. சிறு வயதில் நெருக்கமான வீட்டில் வளர்ந்தபோது வந்த தொண்டை வலி ருமாட்டிக் காய்ச்சலாக முற்றி, யாரும் அறியாமல் இருதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட, கலியாணமாகி முதற் பிரசவத்தின்போது மூச்சுத் திணறலால் அது வெளிப்பட்டு, கடைசியில் உலோக வால்வு பொருத்திக்கொள்ள நேர்ந்தவர்கள் அவர்கள். திருவனந்தபுரத்து ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தானும் அவருடைய சகாக்களும் பல ஆண்டுகள் பாடுபட்டு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா வால்வு, அயல்நாட்டு வால்வின் விலையை எட்டிப்பிடிக்க முடியாத ஏழைகளுக்கு உயிர்ப் பிச்சை கொடுத்தது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்புகளுக்குள் அது இயங்கிவந்திருக்கிறது; நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. ஆனால் உலோக வால்வின்மேல் ரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்க வேண்டுமானால், அதைப் பெற்றவர் ஆயுள் முழுவதும் ஒரு சிறு வெள்ளை மாத்திரையை நாள்தோறும் விழுங்கியாக வேண்டும். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் அசிட்ரோம்.

இனி, விழுங்குகிறவரின் நிலையில் இருந்து பார்ப்போம். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குவது தெரிகிறது. வலிக்குப் போட்டால் வலி அடங்குவது தெரிகிறது. இந்த மாத்திரையோ எந்த நாளிலும் தன் நன்மையைப் பிரத்தியட்சமாகக் காட்டுவதில்லை. வராமற்போன பக்கவாதத்தை யார் கண்டார்கள்? ஆனால் அதன் தீங்கு மட்டும் தினந்தோறும் கண்ணில் படுகிறது: பல் துலக்கும்போது ஈறில் ரத்தம், கதவில் லேசாக இடித்துக்கொண்டால் தொடையில் நீலம், மாதவிலக்கில் நிற்காத பெருக்கு, வெங்காயம் நறுக்கும்போது கீறிய விரல் அரை மணி நேரமாகியும் அடங்காத கசிவு. கண்ணால் கண்டதை நம்பு என்று வாழ்நாளெல்லாம் உபதேசிக்கப்பட்ட ஒரு மனுஷிக்கு இந்த விஷயத்தில் மட்டும் கண்டதை நம்பாதே, காணாததை நம்பு என்று சொல்கிறோம். வைத்திய சாஸ்திரம் இங்கே கோருவது, பக்தி கோருவதைக் காட்டிலும் கடினமான நம்பிக்கையாகும்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ன் என்ற அறிஞர், மருந்து பற்றி நோயாளி மனத்தில் இரண்டு தட்டுகள் இருப்பதாகக் கொண்டு, இது எனக்கு அவசியந்தானா என்பது ஒன்று, இது எனக்கு என்ன கெடுதல் செய்யும் என்பது மற்றொன்று என்று வகுத்து, இவற்றை அளக்கும் கேள்வித் தொகுதி ஒன்றைத் தம் சகாக்களோடு சேர்ந்து 1999-ல் வெளியிட்டார். உலக சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கை, செல்வ நாடுகளிலேயே நீடித்த நோய்களுக்கு மருந்தை முறைப்படி உட்கொள்வோர் சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று கூறுகிறது. ஆதலால், நம் ஜனங்களின் படிப்பின்மையை மாத்திரம் நொந்துகொள்வதில் அர்த்தமில்லை.

எங்கள் தெருவில் வால்வு மாற்றிக்கொண்ட ஓர் அம்மாள் இருக்கிறார். வீட்டோடு தையல் தைப்பவர். அவர் வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தை ஒருமுறை பார்த்தேன். மகன் பாதி எழுதிவிட்டுப் போட்ட நாற்பது பக்கக் கணக்கு நோட்டு அது. இடப்பக்கத்தில் தேதி, ரத்தம் உறைய ஆகும் காலத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். எண், அடுத்த தடவை வரையில் ‘ஒரு நாள் இரண்டு, ஒரு நாள் மூன்று’ என்பது போன்ற மாத்திரைக் கணக்கு, இவை மருத்துவமனைக்காரர் எழுதியவை. வலப்பக்கத்தில் அந்த அம்மாள் தாமே, யாரும் சொல்லாமல், பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்: ‘துவாதசி, அகத்திக்கீரை’, ‘மூட்டு வலி ஊசி’, ‘மூணு நாள் ஜுரம், சாப்பாடு இல்லை’, ‘ராத்திரி மறந்துட்டேன்’. எந்த ஆராய்ச்சியாளரும் கொண்டாடக் கூடிய ஆவணம் அது. நான்கு ஆண்டுகளாக அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்த வைத்தியர்கள் யாராவது வலப்பக்கத்தைப் படித்தார்களா என்று கேட்டேன். “அவங்களுக்கு நேரம் ஏது சார், நம்பரைப் பாத்துட்டு மாத்திரையை மாத்தி எழுதிடுவாங்க” என்றார், சற்றும் வருத்தமில்லாமல்.

அதே அம்மாள்தான் வேறொரு நாள் கேட்டார்: “ரத்தம் தண்ணியா ஆயிட்டா உடம்புல தெம்பு எப்படி சார் இருக்கும்?” இதைக் கேட்டுச் சிரிப்பது நியாயமன்று. ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். அதிலிருந்து அவர் தர்க்கரீதியாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். உண்மையில் இந்த மருந்தால் ரத்தத்தின் அடர்த்தி அணுவளவும் மாறுவதில்லை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களுள் நான்கை ஈரல் தயாரிக்கும்போது அதற்குத் துணை செய்வது வைட்டமின் கே. அந்தத் துணையை மருந்து தடுப்பதால் உறைவதற்கு ஆகும் காலம் நீள்கிறது, அவ்வளவே. சாதாரண மனிதருக்கு 1 என்று இருக்கும் ஐ.என்.ஆர். அளவை பொதுவாக 2-க்கும் 3-க்கும் இடையிலும், மைட்ரல் இடத்தில் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அதற்குச் சற்று மேலாகவும் நிறுத்துவது வைத்தியர்களின் நோக்கம். கீழே இறங்கினால் கட்டி உறையும்; மிகவும் மேலே ஏறினால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய இந்த விஷயத்தை, தைக்கத் தெரிந்த, கணக்கு எழுதத் தெரிந்த ஒரு பெண்மணிக்கு நான்கு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

சொல்லாத இடத்தில் கைப்பேசி சொல்கிறது. பள்ளிக்கூடத்துப் பையன் தேடிப் பார்த்துவிட்டு, “அம்மா, இது எலி மருந்து” என்கிறான். அவன் சொல்வது பொய்யன்று என்பதுதான் சங்கடம். 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சை பிடித்த இனிப்புத் தீவனப் புல்லைத் தின்ற கால்நடைகள் கொம்பு அறுத்த காயத்திலேயே ரத்தம் நில்லாமல் மாண்டுபோயின. 1933-ஆம் வருஷக் கடுங்குளிரில் விஸ்கான்சின் குடியானவர் ஒருவர், செத்த கிடாரியையும் உறையாத ரத்தம் நிறைந்த பால் பாத்திரத்தையும் அந்தப் புல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பனிப்புயலில் பல மைல் ஓட்டிச் சென்று, கார்ல் பால் லிங்க் என்ற ரசாயன ஆசிரியரின் ஆய்வுக்கூட வாசலில் நின்றார். லிங்கின் கூடத்தார் 1939-ல் அந்த நச்சுப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் வழியில் செய்யப்பட்ட வார்ஃபரின், 1948-ல் எலிகளைக் கொல்லக் கடைக்கு வந்தது. 1951-ல் அதை நிறையத் தின்று தற்கொலைக்கு முயன்ற ஒரு ராணுவ ஆள் வைட்டமின் கே சிகிச்சையால் பிழைத்துக்கொள்ளவே, இதை அளவோடு கொடுக்கலாம், மீறினால் முறிக்கவும் மருந்து உண்டு என்ற தைரியம் வைத்தியர்களுக்குப் பிறந்தது. 1954-ல் மனிதருக்குக் கொடுக்க அனுமதி கிடைத்தது. மறு வருஷமே மாரடைப்புக்குப் பின் அதைச் சாப்பிட்டவர்களில் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவரும் ஒருவர். அசிட்ரோம் அதே குடும்பத்து மருந்து. பையனிடம் இந்தக் கதை முழுவதையும் சொல்லிவிட்டால் அவனே தாய்க்கு வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுப்பான் என்று நான் நினைக்கிறேன். பாதி உண்மைக்கு மாற்று, மீதிப் பாதியைச் சொல்லுவதே, அதட்டுவதன்று.

பாதி உண்மைகளில் கீரை விஷயம் தலையானது. பசுங்கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதும், அது மருந்தின் வேகத்தைக் குறைக்கும் என்பதும் மெய். இதை வைத்துக்கொண்டு, அச்சடித்த தாளில் ‘கீரை தவிர்க்கவும்’ என்று ஒரே வரியில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதைக் காட்டிலும் கண்மூடித்தனமான உபதேசம் வேறில்லை. கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டில், ரத்தச் சோகையுள்ள ஒரு பெண்ணுக்கு மலிவாகக் கிடைக்கும் ஒரே சத்துணவை நிறுத்தச் சொல்லிவிட்டு, அடுத்த தடவை ‘ஏன் இப்படி வெளுத்திருக்கிறாய்?’ என்று கேட்கிறோம். கீரையை விட வேண்டுவதில்லை. வாரத்துக்கு இவ்வளவு என்று ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு வந்தால் போதும், அதற்குத் தக்கபடி மாத்திரையை அமைப்பது வைத்தியரின் வேலை. ஆபத்து, மாதமெல்லாம் அஞ்சி ஒதுக்கிவிட்டு ஆடி ஞாயிறன்று கூழோடு ஒரு சட்டி முருங்கைக் கீரையைத் தின்பதிலும், ஏகாதசிப் பட்டினிக்கு மறுநாள் அகத்தியை அள்ளிக்கொள்வதிலும் இருக்கிறது. ‘துவாதசி, அகத்திக்கீரை’ என்று பென்சிலால் எழுதிய அம்மாளுக்கு இது ஏதோ ஓரளவு விளங்கியிருந்தது. தாள் அச்சடித்தவர்களுக்கு விளங்கவில்லை.

கர்ப்பிணி விஷயத்திலும் இதே சோதனை. உலோக வால்வுள்ள மருமகள் கருவுற்றால், ‘குழந்தைக்கு ஆகாது, மாத்திரையை நிறுத்து’ என்று மாமியார் சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. முதல் மாதங்களில் இந்த மருந்து சிசுவுக்குத் தீங்கு செய்யக்கூடியதே. ஆனால் அந்தக் கட்டத்தில் ஹெப்பாரின் ஊசியைத் தகுந்தபடி மாற்றிக் கொடுக்காமல் வெறுமனே நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்து தாய்க்கே முடிவு நேரலாம். இந்தப் பேச்சு கருவுற்ற பிறகு நடந்தால் போதாது. கலியாணப் பேச்சின்போதே நடந்திருக்க வேண்டும். நம் குடும்பங்களில் மார்புத் தழும்பை மறைத்துப் பெண் கொடுக்கும் அவலம் இருக்கும்வரை அது நடப்பது துர்லபம்.

அறுவை முடிந்ததோடு வியாதி தீர்ந்தது என்ற நம்பிக்கை மற்றொன்று. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2009-ல் வந்த பிறகு, ஒரு காலத்தில் நிலத்தை விற்றுச் செய்துகொண்ட வால்வு அறுவையை ஏழைகளும் செய்துகொள்ள முடிகிறது. இது மெச்சத்தக்க காரியம். ஆனால் பெரிய சிகிச்சை இலவசமாக, கண் முன்னே, கோலாகலமாக நடந்துவிடுகிறபடியால், பின்னால் வரும் சிறிய மாத்திரை மனத்தில் சிறியதாகவே நின்றுவிடுகிறது. உலோக வால்வு மூடும்போது எழும் ‘டிக், டிக்’ என்ற மெல்லிய ஓசை நிசப்தமான இரவில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும். அது என்றைக்காவது மங்கினாலோ கேளாமற்போனாலோ வால்வு உறைகட்டியால் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியதற்கு அடையாளமாக இருக்கலாம், விடியக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதை எத்தனை கணவன்மார்களுக்குச் சொல்லியனுப்புகிறோம்? பல வீடுகளில் அந்த ஓசையைத் தூக்கத்துக்கு இடைஞ்சலாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவையெல்லாம் மனத்தைப் பற்றியவை. மனத்தில் யாதொரு சந்தேகமும் இல்லாதவர்கள்கூட மாத்திரையைத் தவறவிடும் காரணம் ஒன்று உண்டு. அது இந்தத் தொழிற்பேட்டைப் பிரதேசத்துக்கே உரியது. காக்களூரிலும் அம்பத்தூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவருக்கு, ‘மாலை ஆறு மணிக்கு’ என்பது ஒரு வாரம் இயந்திரத்தின் முன்னும், ஒரு வாரம் ரயிலிலும், ஒரு வாரம் உறக்கத்திலும் வருகிறது. அசிட்ரோம், வார்ஃபரினை விடச் சீக்கிரம் உடம்பிலிருந்து கழிந்துவிடும் மருந்து. இரண்டொரு வேளை தவறினாலே அளவு இறங்கிவிடும். தவறியதற்கு மறுநாள் இரட்டையாகப் போட்டுக்கொள்ளும் வழக்கமோ அதைவிட மோசம். பரிசோதனைக்கு ஒரு பகல் போனால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போயிற்று. ‘ரத்தம் நிற்காத ஆள்’ என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் வேலையே போய்விடும் என்று மாத்திரையை மறைக்கிறார்கள். நின்று நின்று முழங்கால் வலித்தால் மெடிக்கல் கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இரண்டும் சேர்ந்து வயிற்றில் புண்ணையும் கசிவையும் உண்டாக்கக்கூடியவை என்பதைக் கடைக்காரரும் சொல்வதில்லை. சம்பள நாளன்று குடிக்கப் போகிறவரோ, மதுவும் மாத்திரையும் சேரக்கூடாது என்று எங்கோ கேட்டதை மதித்து, மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிறார்! இதில் பக்தி எங்கே வந்தது?

பரிசோதனையே வேண்டாத புது மருந்துகள் வந்துவிட்டன, இந்தத் தொல்லையெல்லாம் இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பலருக்கு அந்த மருந்துகள் நன்மைதான். ஆனால் உலோக வால்வுள்ளவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகாட்ரனைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி, பக்கவாதமும் ரத்தக் கசிவும் அதிகமானபடியால் இடையிலேயே நிறுத்தப்பட்டு, முடிவு 2013-ல் வெளியாயிற்று. ருமாட்டிக் இருதய நோயோடு தாறுமாறான துடிப்பும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களை, இந்தியா உட்பட 24 தேசங்களில் சேர்த்து நடத்திய இன்விக்டஸ் என்ற ஆராய்ச்சி 2022-ல் வெளிவந்தது. அதில் புதிய ரிவராக்சபானைக் காட்டிலும் பழைய மருந்தைச் சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைந்திருந்தது கண்டு வைத்திய உலகமே வியப்படைந்தது. சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மாதந்தோறும் பரிசோதனைக்கு வந்து யாராவது ஒருவர் முகத்தைப் பார்த்துப் பேசியதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணமாக இருக்குமோ என்ற கேள்வியும் எழுந்தது. அது நிரூபணமாகவில்லை, ஆனால் நான் நம்புகிறேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியமன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. அந்த ஊழியர்களின் பட்டியலில் இந்த நோயாளிகளையும் சேர்த்து, மாத்திரையை எண்ணுவதற்கு முன்னால், ‘இதைப் பற்றி உங்களுக்கு என்ன பயம்?’ என்று கேட்கச் சொல்லலாம். திருவள்ளூரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. இருந்தும் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ள வேப்பம்பட்டிலிருந்து சென்னைக்கு ரயிலேறுகிறவர்கள் இருக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு துளி ரத்தத்தைக் கொண்டு சில நிமிஷங்களில் ஐ.என்.ஆர். சொல்லும் கைக்கருவிகள் உலகில் வழக்கத்துக்கு வந்து நெடுநாளாகிறது. அவற்றை ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்து, வாரத்தில் ஒரு நாளாவது ஷிப்டு முடிந்து வருகிறவருக்காக இரவு எட்டு மணி வரையில் திறந்திருக்கச் செய்யலாம். பரிசோதனைப் பட்டைகளுக்கு விலை அதிகமாகிறது என்பார்கள் அதிகாரிகள். மாத்திரை தவறியதால் ஒட்டிக்கொண்ட வால்வை மாற்றும் இரண்டாவது அறுவைக்கும், முதல் அறுவைக்குக் கொடுத்ததைப் போல, அரசாங்கம்தான் காப்பீட்டிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.